உப்பும் நெல்லும்: கதை எழுதும் தம்பிக்கு அக்காவின் டிப்ஸ்

தம்பி, உன் கதையைப் படித்து முடித்தேன். இரண்டு கிரகம், நூறு வருஷப் போர், பக்கத்துக்கு ஒரு படைவீரன், அந்த இருவருக்கும் காதல். காதல் நன்றாக வந்திருக்கிறது. காவல் கோபுரத்தில் ஒருவன் காயத்துக்கு இன்னொருவன் கட்டுப் போடும் இடத்தை இரண்டாம் தடவையும் படித்தேன். ஆனால் பகை ஒட்டவில்லை. அந்த இரண்டு ஜனமும் எதற்காக அடித்துக்கொள்கிறார்கள் என்று கதை முழுக்கத் தேடினேன், 'பரம்பரைப் பகை' என்ற ஒற்றைச் சொல்தான் கிடைத்தது. பகை எதைப் பற்றியது என்று வாசகருக்குத் தெரியாத வரை, அதைத் தாண்டி ஒருவன் நீட்டுகிற கைக்கு என்ன மதிப்பு என்றும் தெரியாது. ஆகவே இந்தக் குறிப்புகளில் பாதி பகையைப் பற்றித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்.

பகையைத் தேடி வேறு கிரகத்துக்கு முதலில் போகாதே. நம் தஞ்சாவூர்ப் பக்கமே பார். ஜூன் 12 மேட்டூர் திறப்பு என்றால் இங்கே எல்லார் வாயிலும் அதே பேச்சு. 1934இல் அந்த அணை வந்ததிலிருந்து குறுவைக்கு அதுதான் நாள், தண்ணீர் இருக்கிற வருஷத்தில். சில நாளில் கல்லணை திறப்பார்கள். அங்கே ஆறு காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது. தலைமடைக்காரன் நாற்று விட்டு முடிக்கும்போது கடைமடைக்காரன் வாய்க்காலில் இன்னும் புழுதிதான் பறக்கும். இரண்டு பேரும் ஒரே ஆற்றின் பிள்ளைகள். ஆனாலும் ஒருவன் தனக்கு முறை வைத்த நாளில் இன்னொருவனுக்குப் பயந்து ராத்திரி மண்வெட்டியோடு மடையில் உட்கார்ந்து காவல் இருக்கிறான். மடையை அடைக்க வைக்கோலைச் சுருட்டி, களிமண்ணை மிதித்து அப்புவார்கள். யாராவது அதைப் பிடுங்கினால் இருட்டிலேயே தெரிந்துவிடும், தண்ணீரின் சத்தம் மாறும். காதால் காவல் காக்கிற மனிதர்கள் அவர்கள். உன் படைவீரனுக்கு லேசர் துப்பாக்கி கொடுத்தாய், சரி. அவன் எந்தச் சத்தத்துக்கு ராத்திரி விழித்துக்கொள்வான் என்று ஏன் எழுதவில்லை? எழுது. அந்தச் சத்தம் கேட்கும்போது அவன் காதலன் பக்கத்தில் இருக்கட்டும்.

இன்னும் கொஞ்சம் கிழக்கே போனால் உனக்கு ஒரு முழு நாவலே கிடக்கிறது. தலைஞாயிறு, வேதாரண்யம், முத்துப்பேட்டை. நன்னீர் முடிந்து உப்பு தொடங்குகிற இடம். உப்பளக்காரனுக்கு மழை வந்தால் அந்த வருஷ உழைப்பே கரையும். நெல்லுக்காரன் அதே மழைக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஒரே மேகத்தை இரண்டு பேர் பார்க்கிறார்கள், ஒருவன் கும்பிடுகிறான், ஒருவன் வயிற்றில் அடித்துக்கொள்கிறான். இதைவிடச் சுத்தமான பகை எந்த நட்சத்திரத்திலும் கிடைக்காது, ஏனென்றால் இதில் யார்மேலும் தப்பில்லை.

தப்பு இருக்கிற பகையும் இங்கேயே உண்டு. 1990களின் தொடக்கத்தில் இந்தக் கடலோரம் முழுக்க இறால் பண்ணைகள் வந்தன. உப்புத் தண்ணீரை இழுத்து வயலுக்குப் பக்கத்தில் குட்டை கட்டினார்கள், நிலத்தடி நீர் கரித்தது, சுற்றியிருந்த வயல் உவர் தட்டியது. காந்தியவாதி ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் ஊர் ஜனங்களோடு சேர்ந்து போராடினார்கள், வழக்குப் போட்டார்கள். 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் அப்படிப்பட்ட பண்ணைகள் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. இதில் இறால் பண்ணைக் குட்டையில் கூலிக்கு இறங்கியவனும் பக்கத்து ஊர்க்காரன்தான். அவனை உன் கதையில் ஒருவனாக வை. எதிரிக் கூட்டத்தில் இருக்கிறான், அந்தக் கூட்டத்துக்கு முதலாளி இல்லை. காதலிக்கத் தகுந்த எதிரி அப்படித்தான் இருப்பான்.

உலகத்தைக் கட்ட ஒரு கருவி

நீ உன் கிரகத்துக்குப் பச்சைத் தோல், மூன்று கண், இரண்டு சூரியன் என்று கொடுத்திருக்கிறாய். அதெல்லாம் சாயம் பூசுவது. தொல்காப்பியத்தில் இதற்கு ஆயத்தமான கருவி ஒன்று இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து மறந்திருப்பாய். முதற்பொருள் என்றால் நிலமும் பொழுதும். கருப்பொருள் என்றால் அந்த நிலத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ். உரிப்பொருள் என்றால் அந்த நிலத்துக்கு உரிய மனநிலை. ஒரு நோட்டில் இரண்டு பத்தி கோடு போட்டு, உன் இரண்டு கிரகத்துக்கும் இவ்வளவையும் நிரப்பு. பறையை விட்டுவிடாதே. ஒரு ஜனம் எதற்குப் பறை அடிக்கிறது, எதற்கு அடிப்பதில்லை என்பதிலேயே அவர்கள் யார் என்பது பாதி தெரிந்துவிடும்.

நம்முடைய மருதத்துக்கு உரிப்பொருள் ஊடல். நெய்தலுக்கு இரங்கல், அதாவது பிரிந்து ஏங்குவது. இப்போது யோசித்துப் பார்: ஊடுவது அன்பின் அடையாளம் என்று வளர்ந்த ஒருவன், பிரிவையே வாழ்க்கையாக ஏற்றுக்கொண்ட ஜனத்தில் பிறந்த ஒருவனோடு சண்டை போடுகிறான். இவனுக்கு அது விளையாட்டு, அவனுக்கு அது முடிவு. கதவைச் சாத்திக்கொண்டு இவன் உள்ளே காத்திருக்க, அவன் படகில் ஏறிப் போயே விடுகிறான். வில்லன் இல்லாமல், துரோகம் இல்லாமல் உன் ஐந்தாம் அத்தியாயம் கிடைத்துவிட்டது.

இரண்டு கடிகாரம்

இந்த டிப்ஸ் எனக்கு ரொம்பப் பிடித்தது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உன் கதையில் இருவரும் நினைத்த நேரத்தில் சந்தித்துக்கொள்கிறார்கள். பகை நாட்டுக்காரர்களுக்கு அவ்வளவு சுலபமா? அவர்களுக்கு வேறு வேறு நேரக்கணக்கு கொடு. நெல்லுக்காரன் நாளைப் பயிரால் எண்ணுகிறான்: குறுவைக்கு நூற்றுப் பத்து, நூற்று இருபது நாள், சம்பாவுக்கு ஐந்தாறு மாசம், நடுவில் முறைத் தண்ணீர் இத்தனை நாள் வரும், இத்தனை நாள் வராது. கடற்கரைக்காரன் நிலாவால் எண்ணுகிறான். கடல் ஏறி இறங்குவது சூரியக் கணக்குக்கு உட்படாது, ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிஷம் பிந்தும். இன்று காலை ஆறு மணிக்கு முகத்துவாரத்தில் தண்ணீர் ஏறினால் நாளைக்கு ஆறு ஐம்பதுக்கு, மறுநாள் ஏழு நாற்பதுக்கு. ஏறக்குறைய பதினைந்து நாளில் சுற்றிக்கொண்டு மறுபடி அதே காலை நேரத்துக்கு வரும்.

இப்போது இரண்டையும் ஒன்றாக வை. கடல் ஏறும்போது மட்டும்தான் அவன் படகு கழிமுகத்துக்குள் வர முடியும். தன் ஊருக்கு முறை இல்லாத ராத்திரியில் மட்டும்தான் இவன் மடைக் காவலை விட்டு வர முடியும். இரண்டு கணக்கும் என்றைக்காவது ஒரு ராத்திரிதான் பொருந்தும், அன்றைக்கும் ஒரு மணி நேரம் கிடைத்தால் உண்டு. மறுநாள் அதே நேரம் வந்தால் படகு தரை தட்டும். வாசகர் தானே விரல் விட்டு எண்ண ஆரம்பிப்பார், அடுத்து எப்போது என்று. உன் கிரகத்துக்கு இரண்டு நிலா கொடுத்தால் இன்னும் கடுமையாக்கலாம், ஆனால் கணக்கைத் தாளில் போட்டு வைத்துக்கொண்டு எழுது. அறிவியல் கதையில் அறிவியல் இருக்க வேண்டிய இடம் இதுதான். விண்கலத்தின் என்ஜினை மூன்று பக்கம் விவரித்திருக்கிறாய், அதை எடுத்துவிடு. ஸ்ரீரங்கத்துக்காரர் சுஜாதா என் இனிய இயந்திராவில் ஜீனோ எப்படி வேலை செய்கிறது என்று பாடம் எடுக்கவில்லை, அதைப் பேச விட்டார். அந்த இயந்திர நாயை நாம் இன்றைக்கும் மறக்கவில்லை.

உடம்பையும் மறக்காதே. இவன் நன்னீரில் வாழ்கிற உடம்பு, அவன் உப்பில் வாழ்கிற உடம்பு என்றால் அவர்கள் தொட்டுக்கொண்டால் என்ன ஆகும்? எரியுமா? தோல் வெளுக்குமா? தொடுவதற்கு ஒரு விலை இருந்தால்தான் அந்தத் தொடுகை பக்கத்தைத் தாண்டி நிற்கும். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கு ஒருமுறை படகில் போய் வா. அங்கே அதிகம் நிற்கிற அலையாத்தி மரம், உப்புத் தண்ணீரைக் குடித்து, வேண்டாத உப்பை இலை வழியாக வெளியே தள்ளுகிறது. வெயில் நேரத்தில் ஒரு இலையைத் திருப்பி விரலால் தடவிப் பார், நறநறவென்று இருக்கும். நாக்கில் வைத்தால் கரிக்கும். சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மூச்சுவேர் மேலே நீட்டிக்கொண்டிருக்கும், காற்றில்லாத சேற்றில் வேர் மூச்சு விட அது வழி செய்துகொண்டது. கடலோர வயலில் உவரைத் தாங்கி விளைகிற குழியடிச்சான் நெல்லும் அந்த ஜாதிதான். இரண்டு உலகத்துக்கும் நடுவில் வாழக் கற்ற உயிர்கள் இருக்கின்றன, தம்பி. உன் இருவரும் எங்கே போய் வாழ்வார்கள் என்று நீ கடைசி அத்தியாயத்தில் திணறியிருக்கிறாய். அவர்களை மூன்றாவது ஒரு கிரகத்துக்கு அனுப்பாதே. கழிமுகத்தில் வை.

சமமான பகை என்று ஒன்று இல்லை

இதைக் கண்டிப்போடு சொல்கிறேன். இரண்டு பக்கமும் ஒரே அளவு தப்பு, ஒரே அளவு இழப்பு என்று எழுதியிருக்கிறாய். நியாயமாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் புரிகிறது, ஆனால் அது பொய். மதகின் ஷட்டர் எப்போதும் யாரோ ஒருவர் கையில் இருக்கிறது. நம் டெல்டாவின் நெல்லைப் பற்றி எழுதுகிற யாரும் கீழ்வெண்மணியைத் தாண்டிப் போக முடியாது. 1968 டிசம்பர் 25 ராத்திரி, கூலி நெல் கூட்டிக் கேட்ட போராட்டத்தின் தொடர்ச்சியாக, ஒரு குடிசைக்குள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அத்தனை பேரும் தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள், பெண்களும் குழந்தைகளுமே அதிகம். பச்சைப் பசேல் வயல் என்று எழுதும்போது அந்தப் பச்சைக்கு அடியில் இதுவும் இருக்கிறது.

உன் காதலர்களில் ஒருவன் மதகு வைத்திருக்கிற பக்கத்தைச் சேர்ந்தவன். அவன் நல்லவனாக இருக்கலாம். ஆனால் தன் ஜனம் என்ன செய்தது என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது கதையின் நடுவில் தெரிய வேண்டும், அதுவும் தன் காதலன் வாயால். 'நான் செய்யவில்லையே' என்று அவன் சொன்னால் காதல் அங்கே உடையும். சொல்லாமல் உட்கார்ந்து கேட்டால் தொடரும். இந்தக் காட்சியை நீ எழுதவே இல்லை. எழுதினால் இதுதான் கதையின் நடு முதுகெலும்பாக நிற்கும்.

இதற்கு ஒரு பொருள் உதவும். தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்துக்குப் போனால் ஒரு துவாரபாலகர் நிற்கிறார். ராஜாதிராஜ சோழன் சாளுக்கியரின் கல்யாணபுரத்தை எரித்துவிட்டு எடுத்து வந்தது என்று அந்தச் சிலையின் பீடத்திலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். தாராசுரம் கோயிலில் இருந்தது அது. நமக்கு அது வெற்றிச் சின்னம். கல்யாணபுரத்துக்காரன் ஒருவன் அதன் முன்னால் வந்து நின்றால்? தன் ஊர் வாசலைக் காத்த தெய்வத்தை எதிரியின் ஊரில் பார்க்கிறான், காட்டுவது அவன் காதலன், அதுவும் பெருமையாகக் காட்டுகிறான். ஒரே ஒரு பொருளை வைத்து இரண்டு ஜனத்தின் சரித்திரத்தையும் ஒரு பக்கத்தில் முடிக்கலாம். உன் கிரகத்தில் அப்படி ஒரு கொள்ளைப் பொருள் இருக்கட்டும்.

இருவரும் ஆண்கள் என்பது

இதை எப்படிக் கையாள்வது என்று கேட்டிருந்தாய். முதலில் ஒன்றை முடிவு செய்: உன் இரண்டு உலகத்திலும் அது ஒரு பிரச்சினையா? நம்மூர்ப் பயத்தைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே நட வேண்டிய அவசியம் இல்லை. 'எதிரியையா?' என்று ஊர் கேட்கட்டும், 'ஆணையா?' என்று கேட்கவே வேண்டாம். அப்படி ஒரு உலகத்தைப் படிக்கிற பையன் ஒருவனுக்கு அந்த இரண்டு மணி நேரம் எவ்வளவு பெரிய ஆறுதல் என்று உனக்கே தெரியும். எவரினா மேக்ஸ்வெல் 2021இல் எழுதிய விண்டர்ஸ் ஆர்பிட் நாவல் இப்படித்தான் போகிறது. இரண்டு கிரகத்து உடன்படிக்கை முறியாமல் இருக்க கியெம் என்ற இளவரசனை, அடங்கிய கிரகத்தைச் சேர்ந்த ஜைனன் என்பவனுக்குக் கல்யாணம் செய்து வைக்கிறார்கள். ஆணும் ஆணும் என்று அங்கே யாரும் புருவம் உயர்த்துவதில்லை. சிக்கல் எல்லாம் அரசியலிலும், ஜைனனின் முந்தைய கல்யாணத்து ரணத்திலும் இருக்கிறது. கிடைத்தால் படி.

பிரச்சினையாகத்தான் வைப்பேன் என்றால் அதையும் முழுசாகச் செய். நம் நாட்டில் 377 ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்றுதான் திருத்திப் படித்து, மனமொத்த பெரியவர்களின் உறவு குற்றமில்லை என்றது. 2021இல் மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்களின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்து நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கே இது முழுதாகப் புரியவில்லை என்று சொல்லி, ஒரு உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகு உத்தரவு எழுதினார். அதிகாரத்தில் இருக்கிற ஒருவர் மாணவராக உட்கார்வது எவ்வளவு நல்ல காட்சி! உன் கிரகத்து நியாயசபைத் தலைவரை இடிமுழக்கம் செய்ய வைத்திருக்கிறாயே, அவரை ஒரு அத்தியாயம் உட்கார்ந்து கேட்க வை.

இன்னொன்று, கடைசியில் இருவரையும் கொன்றுவிட்டாய். மாற்று. கோப்பெருஞ்சோழன், பிசிராந்தையார் கதையை நீ காரணமாகச் சொல்வாய், தெரியும். அந்தக் கதையை ஊன்றிப் பார். ஒருவர் உறையூர்ச் சோழன், இன்னொருவர் பாண்டிய நாட்டுப் பிசிர் ஊர்ப் புலவர். இரண்டு நாடும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டவை. இருவரும் நேரில் பார்த்ததே இல்லை. பறந்து போகிற அன்னத்திடம், உறையூரில் இறங்கி என் பெயரைச் சொல், உன் பேடைக்கு நகை கொடுப்பான் என்று புலவர் சொல்கிற பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. பிள்ளைகளோடு பகை முற்றி, சோழன் ஆற்று நடுத்திட்டில் உண்ணாமல் உயிர்விட வடக்கிருக்கும்போது, பக்கத்தில் அவருக்கும் ஒரு இடம் வைக்கச் சொல்கிறான். வரமாட்டார் என்று மற்றவர்கள் நினைக்கிறார்கள், வந்துவிடுகிறார். சங்கப் பாடல்கள் அதை நட்பு என்கின்றன, நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். ஆனால் ஒரு கதாசிரியன் அதிலிருந்து எடுக்க வேண்டியது சாவை இல்லை. பார்க்காமலே ஒருவன்மேல் வைக்கிற நம்பிக்கையையும், காலியாக விட்டு வைக்கிற அந்த ஒரு ஆள் இடத்தையும் எடு. வடக்கிருத்தல் அவர்களே தேர்ந்த முடிவு. நீ உன் ஆட்களைக் கொன்றது அவர்கள் காதலித்ததற்குத் தண்டனை மாதிரி இருக்கிறது. அந்த வாடை அடிக்கவே கூடாது.

நடுவில் ஒரு பயணம் வேண்டும். உர்சுலா லெ குவின் 1969இல் எழுதிய தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ் நாவலில் வேற்றுலகத் தூதனும் அந்தக் கிரகத்து மனிதரும் பனிப்பாலையை ஒரே கூடாரத்தோடு கடக்கிறார்கள். அங்கேதான் ஒருவரை ஒருவர் அறிகிறார்கள். நமக்குப் பனி வேண்டாம். 1930 ஏப்ரலில் ராஜாஜி தொண்டர்களோடு திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்த வழி இருக்கிறது, நெல்லிலிருந்து உப்புக்குப் போகிற வழி. அவர்களுக்குச் சோறு போடக் கூடாது என்று தஞ்சாவூர் கலெக்டர் தோர்ன் மிரட்டினார். ஜனங்கள் சோற்றுப் பொட்டலத்தை வழியில் மரக்கிளையில் கட்டிவிட்டுப் போனார்கள். உன் இருவரும் எதிரியின் பூமியில் பசியோடு நடக்கும்போது யார் அவர்களுக்கு ஒரு கிளையில் சோறு கட்டுகிறார்கள்? அவர்களுக்கு முகமே தேவையில்லை, அந்த முடிச்சைக் காட்டினால் போதும்.

கடைசியாகச் சாப்பாடு. மாத்திரை தின்று உயிர் வாழ்கிற ஜனத்தை எழுதாதே, காதல் கதைக்கு அது உதவாது. ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்த பழைய சோறு, பக்கத்தில் சுட்ட கருவாடு. வயலும் கடலும் ஒரே தட்டில் உட்காருவது அங்கேதான். பகை நாட்டுக்காரனை முதல் தடவை வீட்டுக்குக் கூட்டி வருகிறான். அம்மா ஒன்றும் கேட்காமல் சோறு போடுகிறாள், கருவாடு மட்டும் வைக்கவில்லை, அல்லது அதைத்தான் முதலில் வைக்கிறாள். இரண்டில் எது என்று நீ முடிவு செய். அதிலேயே அவள் அவனை ஏற்றாளா இல்லையா என்று தெரிந்துவிட வேண்டும், வசனம் வேண்டாம். உன் வரைவில் அந்த அம்மா கதவருகே நின்று அழுகிறாள், அவ்வளவுதான். அவளுக்குப் பெயர்கூட வைக்கவில்லை. அடுத்த தடவை அனுப்பும்போது அவளுக்கு ஒரு பெயரும், கையில் ஒரு வேலையும் இருக்கட்டும்.